நாரை என்று மட்டும் எழுதினால் போதுமா?

திருவனந்தபுரம் நகரின் தென்கிழக்கே வெள்ளாயணி ஏரி உள்ளது. கேரளத்திலுள்ள நன்னீர் ஏரிகள் மூன்றே. சாஸ்தாங்கோட்டை, பூக்கோடு ஆகியவற்றுடன் வெள்ளாயணியும் அவற்றுள் ஒன்று. அதனையொட்டிப் புஞ்சக்கரி என்னும் தாழ்ந்த வயல்வெளி பரந்து கிடக்கிறது. நீர் வடியும் பருவத்தில் அவ்வயல்களில் நீண்ட கால்களும் கனத்த அலகும் உடைய பெரும் பறவைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். வழிப்போக்கர் அவற்றைக் கொக்கு என்பர். தமிழறிந்தோர் நாரை என்பர். கள அலுவலரின் குறிப்பேட்டிலும் பெரும்பாலும் இவ்விரு சொற்களில் ஒன்றே இடம் பெறுகிறது. அவ்வாறு எழுதுவது பிழையன்று, ஆயினும் போதுமானதன்று. ஏன் போதாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுப் பெயரால் விளையும் குழப்பம்

தமிழில் நாரை என்னும் சொல் பல குடும்பங்களைச் சேர்ந்த பறவைகளுக்கு வழங்குகிறது. சாம்பல் நாரை உண்மையில் கொக்கினத்தைச் சார்ந்தது. பூநாரை இவ்விரண்டிலும் சேராத தனிக் குடும்பத்தது. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, வெண்கழுத்து நாரை, கருங்கழுத்து நாரை, பெருநாரை ஆகியவையே நாரைக் குடும்பத்தின் உண்மையான உறுப்பினர். மலையாளத்திலோ நிலைமை வேறு. வெண்கொக்கு வகைகளும் சாம்பல் நாரையும் அங்கே முண்டி எனப்படும். நாரைக் குடும்பத்தைச் சேர்ந்த சில பறவைகள் கொக்கு என்னும் பெயரைப் பெறுகின்றன. மஞ்சள் மூக்கு நாரை வர்ணக்கொக்கு. நத்தை குத்தி நாரை சேராக்கொக்கன். ஆகவே திருவனந்தபுரத்தில் ஒருவர் கொக்கு என எழுதியதை நாகர்கோவிலில் மற்றொருவர் கொக்கு என்றே படித்தால் பறவையே மாறிவிடுகிறது.

இக்குழப்பம் தமிழுக்கும் மலையாளத்துக்கும் மட்டும் உரியதன்று. தென் அமெரிக்கப் பழங்குடி மொழியொன்றில் ஜபிரு என்னும் சொல் வீங்கிய கழுத்தைக் குறிக்கும். மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை சதுப்பு நிலங்களில் வாழும் ஒரு பெரிய நாரைக்கு அப்பெயர் பொருந்தும். அதன் தலையும் கழுத்தும் இறகின்றிக் கரியனவாயிருக்க, கழுத்தின் அடியில் சிவந்த பை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியரோ, அங்கிருந்த கருங்கழுத்து நாரையையும் ஜபிரு என்றே அழைத்தனர். அப்பறவைக்கு வீங்கிய கழுத்தும் இல்லை, சிவந்த பையும் இல்லை. இரண்டும் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. ஒரு பெயர் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டால் அதனைப் பெயர்த்தெடுப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு இது சான்று.

தமிழிலக்கியத்திலும் சிந்திக்கத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சத்திமுத்தப் புலவர் தம் வறுமையைத் தம் மனைவிக்குச் சொல்லி அனுப்ப ஒரு நாரையைத் தூதாக வேண்டினார் என்பது யாவரும் அறிந்ததே. அப்புலவர் காட்டும் பறவைக்குக் கால்களும் சிவப்பு, அலகும் சிவப்பு. தெற்கே சென்று வடக்கே திரும்பும் வழக்கமும் அதற்கு உண்டு. இம்மூன்று அடையாளங்களும், குளிர்காலத்தில் வடபுலத்திலிருந்து இந்தியாவுக்கு வலசை வரும் வெள்ளை நாரைக்குப் பெரிதும் பொருந்துகின்றன. இன்றோ செங்கால் நாரை என்னும் பெயரைச் சிலர் மஞ்சள் மூக்கு நாரைக்கு இட்டு வழங்குகின்றனர். புலவர் அலகின் நிறத்தையும் பயணத்தின் திசையையும் சேர்த்துக் கூறியதனால்தான் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அப்பறவை எதுவென ஆராய இடமிருக்கிறது. கள அலுவலரின் குறிப்பு இத்துணை நுட்பத்தையேனும் எட்ட வேண்டாவா?

அடையாளம் காணும் முறை

நாரைகளைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று எண்ணுவது தவறு. வரிசைப்படி பார்க்கும் பழக்கமே முதன்மையானது.

முதலில் கழுத்தைப் பார்த்தல் வேண்டும். பறக்கும்போது கொக்கு தன் கழுத்தைப் பின்னுக்கு மடக்கிக் கொள்ளும். நாரை கழுத்தை முன்னோக்கி நீட்டிப் பறக்கும். இவ்விதிக்குப் பெருநாரையும் அதன் நெருங்கிய உறவினமும் மட்டும் விலக்கு. அவை கொக்கைப் போலவே கழுத்தை உள்ளிழுத்துப் பறக்கும். எனினும் அவற்றின் பருமனும் கனத்த அலகும் அவற்றை மறைக்க விடா.

அடுத்து அலகு. மஞ்சள் மூக்கு நாரையின் அலகு நீண்டு, நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்து, மஞ்சளாய் இருக்கும். நத்தை குத்தி நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விட்டு நிற்கும். எந்தத் தொலைவிலும் மயக்கம் தராத அடையாளம் இது எனலாம். ஆனால் இளம் பறவைகளுக்கு இவ்விடைவெளி இராது என்பதை மறத்தலாகாது. கருங்கழுத்து நாரையின் அலகு கரியது, பெரியது.

மூன்றாவதாக நிறம். மஞ்சள் மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுடையது. வெண்ணிற உடல், மார்பில் குறுக்கே கரும்பட்டை, வாலருகே இளஞ்சிவப்பு இறகுகள் ஆகியன அதற்கு அழகூட்டும். அதன் குஞ்சுகளோ மங்கிய சாம்பல் பழுப்பு நிறத்தன. ஒரே கூட்டத்தில் இவ்விரு நிறங்களையும் கண்டு இரு வகைப் பறவைகள் என எழுதிவிடுதல் அடிக்கடி நேரும் பிழை. நத்தை குத்தி நாரை எழுபது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவினது. இனப்பெருக்கக் காலத்தில் வெண்மையாகவும் மற்றக் காலத்தில் புகை படிந்தாற் போலவும் தோன்றும். வெண்கழுத்து நாரைக்கு உடல் பளபளக்கும் கருமை. கழுத்து மட்டும் பஞ்சு சுற்றியது போன்ற வெண்மை. பெருநாரை இவையனைத்திலும் உயர்ந்தது. அதன் தலையும் கழுத்தும் இறகின்றி மஞ்சள் நிறமாக, அங்கங்கே சில மயிர்களோடு காணப்படும். கருங்கழுத்து நாரை தென்னிந்தியாவில் அரிது. ஆணின் கண் கரியது, பெண்ணின் கண் மஞ்சள். நாரைகளுள் இவ்வாறு கண்ணால் ஆண் பெண் அறியத்தக்கவை மிகச் சிலவே.

நான்காவது, பறவை என்ன செய்கிறது என்பது. கள அலுவலர் பலரும் விட்டுவிடும் குறிப்பு இதுவே. ஆனால் நிலத்தைப் பற்றிய செய்தியைத் தருவதும் இதுவேயாகும்.

ஒவ்வொரு நாரையும் ஒவ்வொரு சாட்சி

மஞ்சள் மூக்கு நாரை கண்ணால் மீன் பிடிப்பதன்று, தொடுவுணர்வால் பிடிப்பது. அலகைச் சிறிதே திறந்து நீருள் வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கலக்கியவாறு மெல்ல நடக்கும். மீன் அலகில் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். இதன் உறவினமான அமெரிக்கக் கானக நாரையின் கண்களை மறைத்துச் சோதித்த காஹ்ல், பீக்காக் என்னும் இரு விஞ்ஞானிகள், அலகு மூடுவதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் நாற்பதில் ஒரு பங்கே என 1963இல் வெளியிட்டனர். இம்முறையில் இரை தேடும் பறவைக்குக் கலங்கிய நீர் தடையன்று. ஆழமான நீரும், ஆகாயத்தாமரை மூடிய நீருமே தடை. எனவே ஓர் ஏரியில் மஞ்சள் மூக்கு நாரைகள் நாள்தோறும் இரை தேடுகின்றன எனில், அங்கே ஆழமற்ற திறந்த நீரும், செறிந்த சிறுமீனும் உள்ளன என்று கொள்ளலாம்.

நத்தை குத்தி நாரை கூறும் செய்தி வேறு. அதன் தலையாய உணவு வயல்களிலும் குளங்களிலும் வாழும் பெரிய நன்னீர் நத்தை. அலகின் இடைவெளியால் பாக்கு வெட்டியைப் போல் ஓட்டை நொறுக்குகிறது என ஒரு காலத்தில் கருதப்பட்டது. உண்மையில் அது ஓட்டைப் பெரும்பாலும் உடைப்பதில்லை. கீழலகின் கூரிய முனையை மூடிக்குள் நுழைத்து, ஓட்டோடு உடலைப் பிணைக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுக்கிறது. ஆகவே அது கூட்டமாய் நிற்கும் வயலில் நத்தை மிகுதி என்பது தெளிவு. பரத்பூரில் வளையமிடப்பட்ட இவ்வினப் பறவையொன்று கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதிலிருந்து, நீரையும் நத்தையையும் தேடி இவை எத்துணைத் தொலைவு அலைகின்றன என அறியலாம்.

வெண்கழுத்து நாரை ஈரவயல்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தவளை, பூச்சி முதலியவற்றைத் தின்னும். வட இந்தியச் சமவெளிகளில் இந்நூற்றாண்டில் நிகழ்ந்த ஆய்வுகள், உழுநிலங்களுக்கிடையே நிற்கும் மரங்களிலேயே அது கூடு கட்டி வெற்றியுடன் குஞ்சு பொரிப்பதைக் காட்டியுள்ளன. மலையாளத்தில் வயல்நாய்க்கன் எனப் பெயர் பெற்ற பெருநாரைக்கு வயலும் வேண்டும், உயர்ந்து பரந்த மரமும் வேண்டும். வயல் இருந்து மரம் வெட்டப்பட்டால் அது கூடு கட்டாது. மரம் இருந்து வயல் தூர்க்கப்பட்டால் இரை கிட்டாது.

இங்ஙனம் நான்கு பறவைகள் நான்கு வகைச் செய்திகளைத் தருகின்றன. நான்கையும் நாரை என்னும் ஒரே சொல்லில் அடக்கும்போது அச்செய்திகள் அனைத்தும் அழிந்துபோகின்றன.

அவசர முடிவு கூடாது

இவ்விடத்தில் மற்றொரு பிழையையும் சுட்டுதல் வேண்டும். நாரை வந்தது, ஆகவே ஏரி நலமாயுள்ளது என முடிவு கட்டுவோர் பலர். மேடைகளில் இது கேட்க இனிமையானது, விஞ்ஞானத்திற்குப் பொருந்துவதன்று. தாய்லாந்தில் அயல்நாட்டு நத்தையொன்று நெல் வயல்களில் பெருகிப் பயிரை அழித்தபோது நத்தை குத்தி நாரைகளும் பெருகின. அங்கே பறவை உழவனுக்கு உதவியது உண்மையே. ஆனால் பறவையின் மிகுதி வயலின் நலத்திற்கு அறிகுறியாகவில்லை, வயலின் நோய்க்கே அறிகுறியாயிற்று. அதுபோலவே பயிரின்றித் தரிசாகி, களை மண்டி, நீர் தேங்கிய வயலிலும் நத்தை பெருகக் கூடும். எனவே நத்தை குத்தி நாரை பல நூறாகவும், மஞ்சள் மூக்கு நாரை ஒன்றும் இல்லாமலும் காணப்படும் இடத்தில், நத்தை உண்டு, திறந்த நீரும் மீனும் உண்டா என்னும் கேள்வியை எழுப்புவதே முறை. பறவை விடையைத் தருவதில்லை. சரியான கேள்வியைத் தருகிறது. பெயர் தெரியாதவருக்கு அக்கேள்வியும் கிட்டாது.

சட்டமும் குறிப்பேடும்

கேரளத்தில் 1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு, பின்னர் சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. வீட்டு மனைகளும் சாலைகளும் தென்னை, வாழை, ரப்பர் முதலிய பயிர்களும் அவ்விடத்தைக் கொண்டன. இச்சரிவைத் தடுக்கும் நோக்குடன் 2008ஆம் ஆண்டில் கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் கண்காணிப்புக் குழு அமைந்து, நெல்வயல், ஈரநிலம் ஆகியவற்றின் தரவுத் தொகுப்பைத் தயாரிக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், உழவர் பிரதிநிதிகள் ஆகியோர் அக்குழுவில் இடம் பெறுவர். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தொகுப்பில் இடம் பெறாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி வேறு பயனுக்கு மாற்ற வழி உண்டு. அதாவது ஒரு தாழ்நிலம் நிலைப்பதும் மறைவதும் ஏட்டில் அது எவ்வாறு பதிவாயிற்று என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

நாரை நின்றதா என்று இச்சட்டம் கேட்பதில்லை. நிலத்தின் இயல்பையே கேட்கிறது. எனினும் நிலத்தின் இயல்பு ஐயத்திற்குரியதாகும்போது, பல ஆண்டுகளாக மாதந்தோறும் எழுதப்பட்ட பறவைக் குறிப்பு துணைச் சான்றாகப் பயன்படக்கூடும். நீர் நத்தையைத் தின்னும் பறவை ஆண்டுதோறும் ஐந்து மாதம் நின்று இரை தேடிய இடத்தை வறண்ட மேட்டுநிலம் என ஒருவர் சாதிப்பது எளிதன்று. ஆனால் குறிப்பேட்டில் வெள்ளை நிறப் பறவைகள் சில என்று மட்டும் இருந்தால் அதனால் யாதொரு பயனும் இல்லை. உண்ணிக்கொக்கு வறண்ட மேய்ச்சல் நிலத்திலும் மாட்டின் பின்னே நிற்குமன்றோ?

முன்னோர் காட்டிய வழி

திருவனந்தபுரத்திற்கு இத்துறையில் நல்ல மரபு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்நகரின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெர்குசனும் வனத்துறையைச் சேர்ந்த போர்டில்லனும் திருவிதாங்கூர்ப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டனர். 1933ஆம் ஆண்டில் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை முறையாக ஆய்ந்தார். அதன் பயனாய் எழுந்த நூல் 1953இல் வெளிவந்தது. 1958இல் இந்துசூடன் என்னும் புனைபெயருடைய கே. கே. நீலகண்டன் 'கேரளத்திலே பக்ஷிகள்' என்னும் நூலை மலையாளத்தில் எழுதினார். அவர் விலங்கியல் பேராசிரியரல்லர், ஆங்கில ஆசிரியர். தாய்மொழியில் ஒவ்வொரு பறவைக்கும் தனிப் பெயர் அமைந்ததனால், பள்ளி மாணவரும் உழவரும் பறவையைப் பெயர் சொல்லிப் பேசும் நிலை உண்டாயிற்று. 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துத் தன்னார்வலர் பறவை வரைபடம் தயாரித்தபோது, இம்மரபின் பயன் வெளிப்பட்டது.

பெயரின் ஆற்றலுக்கு அசாமிலும் சான்று உண்டு. பெருநாரையின் உறவினமாகிய, கழுத்தில் பை தொங்கும் நாரைக்கு அங்கே ஹர்கிலா என்று பெயர். எலும்பை விழுங்குவது என்பது பொருள். அதனை அருவருத்துக் கூட்டு மரங்களை வெட்டிவந்த சிற்றூர்களில், பூர்ணிமா தேவி பர்மன் என்னும் உயிரியலறிஞர் பெண்களைத் திரட்டி, அப்பறவையையே ஊரின் பெருமையாக மாற்றினார். 2022ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருது அவருக்குக் கிட்டியது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுவதும், ஊரார் அவற்றைப் பொறுத்துக் காப்பதும் தமிழ்நாட்டில் யாவரும் அறிந்தவை.

செய்யத்தக்கன

கள அலுவலர்க்கு ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி. பறவை பார்ப்பது அவர் கடமையா என்னும் தடை எழலாம். இத்தடை நியாயமற்றதன்று. ஆயினும் வயலுக்கு எவ்வாறும் செல்லும் ஒருவர் ஐந்து நிமிடம் நின்று நான்கு செய்திகளை எழுதுவது தனிக் கடமையாகாது: எவ்வினம், எத்தனை, என்ன செய்தது, நீர் எவ்வளவு ஆழம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நிகழ்கிறது. ஆனால் நீரைத் தொடர்ந்து இடம் பெயரும் நாரைகளை ஒரு மாதக் கணக்கால் அறிய முடியாது. மற்றப் பதினொரு மாதங்களில் வயலில் இருப்பவர் கள அலுவலரும் ஊர் ஆசிரியருமே.

பெயரைப் பொறுத்தவரை, மக்கள் வழக்கை அதிகாரத்தால் மாற்ற எண்ணுவது வீண். சேராக்கொக்கன் என்பார் அவ்வாறே சொல்லட்டும். அலுவலகக் குறிப்பில் மட்டும், அடைமொழியின்றி நாரை என்றோ கொக்கு என்றோ எழுதுவதில்லை என்னும் ஒழுங்கு வேண்டும். இனம் உறுதியாகத் தெரியாதபோது, தெரியவில்லை என எழுதி, அலகின் வடிவத்தையும் கழுத்தின் நிலையையும் குறித்தல் வேண்டும். ஊகித்து எழுதிய பெயரினும் ஒப்புக்கொண்ட ஐயம் மதிப்புடையது.

ஆசிரியர்களின் பங்கு இன்னும் பெரிது. பாடநூலிலுள்ள படத்தைக் காட்டி நிறுத்தாமல், மாணவரை வயற்கரைக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, பறக்கும் பறவையின் கழுத்து மடங்கியுள்ளதா நீண்டுள்ளதா என்று கேட்டாலே போதும். அம்மாணவரில் ஒருவர் பிற்காலத்தில் கிராம அலுவலராகவோ வேளாண் அலுவலராகவோ அமரக்கூடும். வெள்ளாயணிக் கரையில் ஒரு வயலை ஏட்டில் எவ்வாறு பதிவது என்னும் வினா அன்று அவர் முன் வரும்போது, சிறுவயதில் பெயர் சொல்லி அறிந்த பறவை அவர் நினைவில் நிற்கும்.